சூடானால் ஒழுகும் குழாய்

பெயர்ப்பலகை எழுத வந்தவருக்கு அன்று வேறு ஏதோ ஞாபகம் இருந்திருக்க வேண்டும். ‘என்ஜின் ஒழுக்கு சரிசெய்யப்படும்’ என்று எழுதச் சொன்னால், ‘என்ஜின் ஒழுக்கம் சரிசெய்யப்படும்’ என்று பெரிய சிவப்பு எழுத்தில் எழுதிவிட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். தெருவே சிரித்தது. உடனே அழிக்க வேண்டும் என்று கடை வைத்திருந்த தம்பி குதித்தான். “இருக்கட்டும்டா, நாலு பேர் சிரிச்சுக்கிட்டே உள்ள வருவாங்க” என்றாள் அக்கா. அன்றிலிருந்து அவள் ஒழுக்கக்கா ஆகிவிட்டாள். “ஒழுக்கம் இருக்கா?” என்று கேட்டுக்கொண்டே வாடிக்கையாளர்கள் வருவார்கள். “சாப்பிடப் போயிருக்கு, உட்காருங்க” என்பாள் முன்மேசையில் இருக்கும் தம்பி மனைவி.

அதற்கு முன் அக்கா வேலை பார்த்தது சமையல் எரிவாயு நிரப்பும் கிடங்கில். வரிசையாக நகர்ந்து வரும் சிலிண்டர்களின் வாயில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்ப்பாள். குமிழி வந்தால் ஒதுக்க வேண்டும், வராவிட்டால் அனுப்ப வேண்டும். வருஷக்கணக்காக இதே வேலை. வீட்டிலும் அந்தப் பழக்கம் விடவில்லை. “கல்யாணமான புதுசுல எனக்குச் சளி பிடிச்சப்போ, என் மூக்குலயும் சோப்புத் தண்ணி தடவ வந்தவ இவ” என்று அவள் கணவர் விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிப்பார். கிடங்கை வேறு ஊருக்கு மாற்றியபோது தம்பி கூப்பிட்டான், வந்துவிட்டாள்.

தம்பியின் கடையில் காரின் வேகத்தைக் கூட்டும் பாகங்கள் விற்பனை. வாங்கியவர்களுக்குப் பின்பக்கக் கொட்டகையில் பொருத்தியும் கொடுப்பார்கள். கம்பெனியிலிருந்து வந்த வண்டியின் பாகங்கள் ஒரே வீட்டில் பிறந்தவை மாதிரி, ஒன்றோடொன்று ஒத்துப்போகும். பின்னால் வாங்கி மாட்டுபவை சம்பந்திகள் மாதிரி. எங்காவது ஓரிடத்தில் முறுக்கிக்கொள்ளும். முறுக்கிய இடத்தில் எண்ணெயோ தண்ணீரோ காற்றோ கசியும். அதைக் கண்டுபிடித்து அடைப்பதுதான் அக்காவின் வேலை.

ஒரு வருஷம் தம்பி மலிவாகக் கிடைக்கிறதென்று ஒரு புதிய டர்போ வரவழைத்தான். டர்போ என்பது என்ஜினிலிருந்து வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று, என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் விசிறி. வண்டி முழு மூச்சில் இழுக்கும்போது அதன் இரும்புக் கூடு தணல் மாதிரிச் சிவந்துவிடும். சுழலும் அச்சுக்கு எண்ணெய் கொண்டுபோக விரல் தடிமனில் ஒரு குழாய் உண்டு. உள்ளே ரப்பர், வெளியே கம்பிப் பின்னல், முனையில் இறுக்கிப் பிடிக்கும் ஓர் இரும்பு வளையம். இந்த டர்போவை ஆறு வண்டிகளில் மாட்டினார்கள்.

மாட்டிய கொஞ்ச நாளில் ஒரு வண்டி எண்ணெய்க் கறையோடு திரும்பி வந்தது. அடுத்து பேக்கரிக்காரர் வந்தார். அவருக்குப் பின்னால் பல் டாக்டர். மூன்று வண்டியிலும் குழாயின் முனையில் இருந்த செம்பு வாஷரை அக்கா மாற்றினாள். குழாய்க்குள் காற்றடைத்து, சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தாள். ஒரு குமிழி கூட இல்லை. “காய்ஞ்சு கிடக்கு டாக்டர், தைரியமா எடுத்துட்டுப் போங்க” என்று சாவியைக் கொடுத்தாள்.

அதே வாரக் கடைசியில் பேக்கரிக்காரர் மறுபடியும் வந்தார். “ஒழுக்கம் கெட்டுப்போச்சும்மா” என்று சிரித்தபடியே சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனார். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. பானெட்டைத் திறந்து விளக்கடித்துப் பார்த்தாள். வாஷர் காய்ந்திருந்தது. ஈரம் அதற்கு மேலே, இரும்பு வளையத்தின் விளிம்பிலிருந்து தொடங்கியிருந்தது.

“வாஷர் இல்லடா. குழாயே சரியில்ல. ஆறு வண்டியையும் கூப்பிடணும்.”

தம்பி கணினியிலிருந்து தலையைத் திருப்பவில்லை. “நீதானே காத்தடிச்சுப் பார்த்தே?”

“ஆறிக் கிடக்கும்போது பார்த்தேன். சூட்டுல எப்படி நடந்துக்குதோ, யாரு கண்டா?”

“ஆறு பேரையும் கூப்பிட்டு, நாங்க வித்தது குப்பைன்னு சொல்லச் சொல்றியா? உன் கைவேலை சரியில்லன்னு ஒத்துக்கிட்டா விஷயம் முடிஞ்சது.”

மேசையில் இருந்த தம்பி மனைவி, “என்னங்க பேச்சு இது?” என்றாள். அக்கா கையைத் துணியில் துடைத்துக்கொண்டே நின்றாள். துடைக்க அந்தக் கையில் ஒன்றும் இல்லை.

தம்பிக்கும் சொன்னது உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தினால் அவனுக்குக் கோபம்தான் வரும். “வா, இப்பவே பார்த்துடலாம்” என்று பேக்கரிக்காரரின் வண்டியை உருளை மேடைக்கு ஓட்டினான். தரையில் பதித்த உருளைகளின் மேல் சக்கரங்களை நிறுத்தி, வண்டியைப் பட்டைகளால் கட்டிவிட்டால் அங்கேயே நின்றபடி முழு வேகத்தில் ஓடும்.

“வேணாம்டா. குழாயைக் கழட்டி எண்ணெயைக் காய்ச்சி ஊத்திப் பார்ப்போம். கொஞ்ச நேரம்தான் ஆகும்.”

“நீ தள்ளி நின்னு பாரு, போதும்.”

அக்கா தள்ளி நிற்கவில்லை. சுவரில் தொங்கிய தீயணைப்பானை எடுத்து, அதன் ஊசியைப் பிடுங்கிவிட்டு, திறந்த பானெட்டுக்குப் பக்கவாட்டில் நின்றாள்.

என்ஜின் உறுமத் தொடங்கியது. கொட்டகையின் தகரம் அதிர்ந்தது. டர்போவின் கூடு முதலில் பழுப்பானது, பிறகு செங்கல் நிறம், பிறகு சிவப்பு. அக்கா கண்ணை இமைக்காமல் வளையத்தையே பார்த்தாள். ஒன்றும் இல்லை. பிறகு வளையத்தைச் சுற்றி ஒரு பளபளப்பு தெரிந்தது. ஒரு சொட்டு திரண்டது. அது விழவில்லை, தலைமுடி மாதிரி ஓர் இழையாக நீண்டு சிவந்த கூட்டின் மேல் பீய்ச்சியது.

“நிறுத்துடா!”

அந்தச் சத்தத்தில் எதுவும் கேட்காது. இரண்டு கைகளையும் தலைக்கு மேல் ஆட்டினாள். அவன் வண்டிக்குள் அளவுமானியைப் பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணாடியில் ஓங்கி அறைந்தாள். அவன் நிமிர்ந்தபோது நீலப் புகைக்குள்ளிருந்து குப்பென்று தீ எழும்பியது.

என்ஜினை அணைத்துவிட்டுப் பாய்ந்து வந்த தம்பி செய்த காரியம் யாரும் செய்யாதது. வெறுங்கையால் அந்தக் குழாயைப் பிடித்து இழுத்தான். அவன் அலறியதும் அக்கா தோளால் இடித்து அவனைத் தள்ளிவிட்டு, தூளை அடித்தாள். அணைந்தது, மறுபடி எழுந்தது, மறுபடி அடித்தாள். வெள்ளைத் தூள் எல்லாவற்றின் மேலும் படிந்தது. அதற்குப் பிறகும் உருளைகள் வெகுநேரம் தாமாகவே சுற்றிக்கொண்டிருந்தன.

தண்ணீர்க் குழாயடியில் கையை நீட்டியபடி நின்ற தம்பியின் முகம் வெளுத்திருந்தது. வலியால் மட்டும் அல்ல.

“அக்கா, பல் டாக்டர்.”

“என்னடா?”

“காலைல போன் பண்ணினார். மாமனாரைக் கூட்டிக்கிட்டு மலைவீட்டுக்குக் கிளம்புறேன்னார். வண்டி பறக்குதுன்னு சந்தோஷமாச் சொன்னார்.”

மலைப்பாதை முழுக்க ஏற்றம். அடிவாரத்திலிருந்து உச்சிவரை மிதியை அழுத்திக்கொண்டேதான் போக வேண்டும். இங்கே உருளையில் நடந்தது அங்கே பாதையில் நடக்கும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம்.

தம்பி மனைவி போனை எடுத்தாள். மற்ற நான்கு வண்டிக்காரர்களும் கிடைத்தார்கள், எல்லா வண்டியும் நின்றுகொண்டிருந்தது. பல் டாக்டர் எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது போனைத் தொடவே மாட்டார் என்று தம்பிதான் அவரை எல்லோரிடமும் மெச்சிக்கொள்வான்.

“ஏறுடா” என்றாள் அக்கா. கடை வேனை அவளே எடுத்தாள். தம்பி ஈரத்துணி சுற்றிய கையை மடியில் வைத்துக்கொண்டு மறு கையால் விடாமல் டாக்டரின் எண்ணை அழுத்திக்கொண்டிருந்தான். மணி அடித்து அடித்து நின்றது. காய்ந்து கிடக்கிறது, தைரியமாக எடுத்துப் போங்கள் என்று தான் சொன்னது மட்டும் அக்காவின் காதில் திரும்பத் திரும்பக் கேட்டது.

அடிவாரம் நெருங்கும்போது தம்பி மனைவி கூப்பிட்டாள். “அண்ணி, டாக்டரோட கிளினிக்ல இருக்கிற பொண்ணுகிட்ட அழாத குறையாக் கெஞ்சி அவரோட மாமனார் நம்பர் வாங்கிட்டேன். அனுப்பியிருக்கேன்.”

தம்பி அழுத்தினான். மூன்றாவது மணியில் ஒரு கிழக்குரல், “ஹலோ, யாரு?”

“ஐயா, மாப்பிள்ளையை வண்டியை நிறுத்தச் சொல்லுங்க!”

“மாப்பிள்ளை வண்டி ஓட்டும்போது பேச மாட்டாரு. அப்புறம் கூப்பிடுங்க.”

“வச்சுடாதீங்க! வண்டியில எண்ணெய் ஒழுகுது!”

“எண்ணெயா? டாக்டர் சொன்னதிலிருந்து பொரிச்சது எதையும் நான் தொடுறதே இல்லையே.”

அக்கா தம்பியின் கையிலிருந்த போனை நோக்கிக் குனிந்து, கிடங்கில் இயந்திரச் சத்தத்துக்கு மேல் கத்திப் பழகிய குரலில் ஒரே ஒரு வார்த்தை கத்தினாள்.

“தீ!”

“தீயா? எங்க? மாப்பிள்ளை, யாரோ ஒரு அம்மா தீன்னு கத்துது...” அதோடு இணைப்பு அறுந்தது. மறுபடி அழுத்தினால், தொடர்பு எல்லைக்கு வெளியே என்று பதிவுக்குரல் வந்தது.

வேன் ஏற்றத்தில் முக்கியது. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு வளைவுகளைத் திருப்பினாள். மூன்றாவது வளைவுக்கு மேலே மரங்களுக்கு நடுவே புகை எழுவதைத் தம்பி முதலில் பார்த்தான். “ஐயோ, அக்கா” என்றான், சின்ன வயதில் கூப்பிட்ட மாதிரி. அவள் மிதியை விடவில்லை. வளைவைத் திரும்பினால், சாலையோரத்தில் ஒரு காவலாளி சருகைக் கூட்டிக் கொளுத்திக்கொண்டிருந்தார்.

அடுத்த வளைவில் வண்டி நின்றிருந்தது. பானெட் திறந்திருந்தது. பல் டாக்டர் பெட்டிகளை இறக்கிச் சாலையோரம் அடுக்கிக்கொண்டிருந்தார். மாமனார் தடுப்புச் சுவரில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். அக்கா வேனை நிறுத்தினாள். இறங்கி டாக்டரின் வண்டிப் பக்கம் போனாள்.

பானெட்டின் அடிப்பக்கம் முழுக்க எண்ணெய் தெறித்திருந்தது. கூட்டின் மேல் விழுந்த துளிகள் இன்னும் புகைந்தன.

டாக்டர் அக்காவைப் பார்த்தார். “நீங்கதானே காய்ஞ்சு கிடக்குன்னு சொன்னீங்க?”

“ஆமா டாக்டர். நான்தான் சொன்னேன். சூடு பண்ணிப் பார்க்காம சொல்லிட்டேன்.”

தம்பி ஏதாவது சமாளிப்பான் என்று அவள் நினைத்தாள். விற்கத் தெரிந்தவன், பேசத் தெரிந்தவன். அவன் முன்னால் வந்தான். “குழாய் சரியில்லன்னு அக்கா காலைலயே சொல்லிட்டா டாக்டர். அவ கைவேலைதான் சரியில்லன்னு நான் சொன்னேன்.”

டாக்டருக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது. என்னவோ சொல்ல வாயைத் திறந்தவர், துணி நழுவிய அவன் உள்ளங்கையைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். “கையை நீட்டுங்க” என்று அதட்டி, பெட்டியிலிருந்து மருந்தெடுத்துக் கட்டுப்போட்டார். கட்டிக்கொண்டே திட்டினார். அந்த ஏச்சு முழுவதையும் இருவரும் நின்று வாங்கிக்கொண்டார்கள். “நீதான் கத்தினியாம்மா?” என்று மாமனார் அக்காவிடம் பாதி ஆரஞ்சை நீட்டினார். “என் காதுக்கே கேட்டுதுன்னா பாரேன்.”

பல் டாக்டர் டர்போவையே கழற்றச் சொல்லிவிட்டார். பிறகு அந்தக் கடைப் பக்கம் வரவில்லை. மற்ற வண்டிகளின் குழாய்களையும் மாற்றிக் கொடுத்தார்கள். பேக்கரிக்காரர் தன் வண்டி கருகிய விதத்தைப் பார்த்த பிறகு வெகுநாள் பகடி பேசவில்லை. பழைய குழாயில் ஒன்றை அக்கா அறுத்துப் பார்த்தபோது, வளையத்துக்கு அடியில் இருந்த ரப்பர் நகம் பட்டதும் கரித்தூளாக உதிர்ந்தது. அனுப்பிய வியாபாரி போனையே எடுக்கவில்லை. கடையில் கூட்டம் குறைந்தது. தம்பியின் கை ஆறும்வரை அவன் வேலையையும் அக்காவே சேர்த்துப் பார்த்தாள்.

அவன் மன்னிப்பு என்று வாய்விட்டு எதுவும் கேட்கவில்லை. ஒரு நாள் பழைய கொதிகலன் ஒன்றையும் பம்பு ஒன்றையும் வாங்கி வந்து, குழாய்களுக்குள் காய்ச்சிய எண்ணெயை அழுத்தி ஓட்டிப் பார்க்க ஒரு மேடை கட்டினான். இரண்டு முறை பிரித்து மூன்றாம் முறை சரியாகக் கட்டினான். அக்கா அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “மூடி ஒண்ணு போடு, தெறிக்கும்” என்றாள். அவன் மூடி போட்டான்.

ஆனாலும் அக்காவுக்கு நிம்மதி முழுசாகத் திரும்பவில்லை. வண்டியை எடுத்துப் போனவர்களை மறுநாளே போனில் பிடிப்பாள். ஏற்றத்தில் ஓட்டினீர்களா, வாடை ஏதாவது வந்ததா, பானெட்டைத் திறந்து பாருங்கள் என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். போன வாரம் ஒருவர் அலுத்துக்கொண்டார்.

“என் பொண்டாட்டி கூட இத்தனை தடவை கூப்பிடுறதில்லம்மா.”

“அவங்க உங்க வண்டிக்குக் குழாய் மாட்டலையே” என்றாள் அக்கா. “போய்ப் பாருங்க, லைன்லயே இருக்கேன்.”