பில்கைர் புதைத்த ரொட்டி

அல்ஜீரியப் பாலைவனத்தில், இன் சாலா ஊருக்கு வடக்கே எங்கள் எரிவாயு நிலையத்தில் பில்கைர் காவலாளி. மெஸ்ஸில் போடும் ரொட்டியை அவர் பஞ்சு என்பார். மாலையானால் வேலிக்கு வெளியே போய், மணல்மேல் விறகு எரித்து, தணலை ஒதுக்கி, சூடான மணலுக்குள் மாவைப் புதைத்துச் சுட்டுத்தான் சாப்பிடுவார். அங்கே நெருப்பு மூட்டினால் வேலை போய்விடும் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் ரொட்டி சுடுவதும் எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் எரிவாயுவில் கரியமில வாயு கலந்தே மேலே வரும். அதைப் பிரித்து, எரிவாயு கிடக்கிற அதே பாறைக்குள் ஆழத்தில் இறக்கிவிடுகிறோம். இறக்கியது கசிகிறதா என்று மணலில் குழாய் செருகிப் பார்ப்பது இன்ஜினியர் தவ்ஃபீக்கின் வேலை. கருவியைச் சுமப்பது என் வேலை.

அன்று காலை பில்கைர் பையும் கையுமாக நின்றார். கல்யாணமாகி வெகுகாலம் கழித்து அவருக்கு மகள் பிறந்திருந்தாள். மறுநாள் ஏழாம் நாள். ஆடு அறுத்துப் பெயர் வைக்க வேண்டும். தண்ணீர் லாரியில் ஊருக்குப் போக விடுப்பும் வாங்கியாகிவிட்டது.

“என்ன பேருண்ணே?”

“மொதல்ல அவ காதுல சொல்லுவேன். ஒனக்கு அப்புறந்தான்.”

வேலிக்கு வெளியே குழாயைச் செருகியதும் கருவியில் எண் கிடுகிடுவென ஏறியது. தவ்ஃபீக்கின் முகம் வெளுத்தது.

“கசியுதுடா! வாயு இறக்குற கம்ப்ரசர நிறுத்தச் சொல்லு. லாரியையும் நிறுத்து. இனி ஒருத்தனும் முகாம விட்டு நகரக் கூடாது.”

லாரிப் படியில் வைத்த காலை எடுத்துவிட்டு பில்கைர் வந்தார். குழாய் நின்ற இடத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் மணலைப் பார்த்தேன். வாயைத் திறந்தால் வேலை போகும். மூடிக்கொண்டால் மகளுக்கு வேறு யாரோ பெயர் வைப்பார்கள்.

“இன்ஜினியரே, அது கீழேருந்து வரல. அது என் ரொட்டி.”

“என்னது?”

“நேத்து சாயங்காலம் பாதி வெந்துட்டிருந்துச்சு. பாதுகாப்பு அதிகாரி ஜீப்பு வந்துச்சா, மண்ணத் தள்ளி மூடிட்டு ஓடிட்டேன்.”

“லீவுக்காகக் கத விடாதய்யா!”

பில்கைர் மண்டியிட்டுக் கையாலேயே தோண்டினார். முதலில் கரித்துண்டுகள், இன்னும் சூடு ஆறாமல்; கனன்றுகொண்டிருக்கும் கரியிலிருந்து வருவதும் அதே கரியமில வாயுதான். அதற்கடியில் ரொட்டி. குழாய் அதன் நடுவில் சரியாக ஓட்டை போட்டிருந்தது.

தவ்ஃபீக் சிரிக்கவில்லை. கொஞ்சம் தள்ளி ஒரு முறை, மறுபக்கம் ஒரு முறை, வாயு இறக்கும் கிணற்றின் ஓரம் ஒரு முறை என்று செருகிப் பார்த்தார். எங்கும் வழக்கமான எண்தான். அதற்குப் பிறகுதான் மணலில் உட்கார்ந்து கண்ணில் நீர் வழியச் சிரித்தார்.

“நெருப்பு வெச்சதுக்கு ஏதாவது தண்டனை குடுத்தாகணுமே, பில்கைர்.”

“குடுங்க. போன வாரம் ரெண்டு துண்டு தின்னவருக்கும் சேத்துக் குடுங்க.”

தவ்ஃபீக் இருமினார். “சரி. திரும்பி வந்தப்புறம் மெஸ் ரொட்டிதான் திங்கணும். வேலிக்கு வெளிய ஒன்னப் பாக்கக் கூடாது.”

“இதுக்கு வேலைய விட்டே தூக்கியிருக்கலாம்!”

ரொட்டியைப் பிட்டு எங்களுக்குப் பாதி கொடுத்துவிட்டு லாரியைப் பார்த்து ஓடினார். ஒரு பக்கம் கருகியிருந்தது. பல்லில் மணல் கடிபட்டது. நன்றாகத்தான் இருந்தது.

ஊரிலிருந்து திரும்பியவர் மெஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். காதருகே குனிந்து, “மெர்ஸாகா” என்றார். பிறகு தட்டிலிருந்த பஞ்சை எடுத்து, முகம் சுளிக்காமல் தின்னத் தொடங்கினார்.