டக்டைக் கழுவ வேண்டாம் என்று நான் சொன்ன வீடு

1. டிஷ்யூ

துபாய் அல் கூஸில் கம்பெனி. ஏசி டக்ட் கிளீனிங் வேலை. டக்ட் என்பது ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே குளிர்காற்று போகிற தகரக் குழாய். முதல் நாள் சூப்பர்வைசர் எனக்குக் கழுவச் சொல்லிக் கொடுக்கவில்லை. ரூமுக்குள் காற்று வருகிற கிரில்லை வெள்ளை டிஷ்யூவால் துடைத்து வீட்டுக்காரம்மாவிடம் காட்டச் சொன்னார். அழுக்கு அப்பிக்கொண்டு வரும். "இதைத்தான் மேடம் மூச்சுல இழுக்கிறீங்க" என்று சொன்னால் போதும். வேலை ஓகே ஆகிவிடும்.

இந்த ஊரில் எந்த வீட்டுக் கிரில்லைத் துடைத்தாலும் அழுக்குதான். உள்ளே பார்த்தால் பல வீடுகளில் தகரம் சுத்தமாக இருக்கும். அது தெரிய எனக்கு இரண்டு வருடம் ஆனது. தெரிந்த பிறகும் டிஷ்யூ காட்டினேன். வேலை அப்படி.

2. அஜ்மான் வீடு

துபாய்க்குப் பக்கத்து அஜ்மானில் ஒரு கோயம்புத்தூர்க் குடும்பம். ஒரு பெட்ரூம் ஃபிளாட். ஆறு வயதுப் பெண் குழந்தைக்கு இளைப்பு. விடிகாலையில் மூச்சு வாங்கும். டாக்டர் மருந்து கொடுத்துவிட்டு, வீட்டில் தூசி, புகை இருக்கிறதா பாருங்கள் என்றிருக்கிறார். நான் போனபோது குழந்தை ஸ்கூலில் இருந்தது.

"டக்ட் கழுவியும் சரியாகலேன்னா நானும் பாப்பாவும் ஊருக்குப் போயிடறோமுங்ணா. அவரு மட்டும் இங்க இருக்கட்டும். டிக்கெட் போட்டாச்சுங்" என்றார் அந்த அம்மா.

கிரில்லைச் சுற்றி சீலிங் கறுத்திருந்தது. டிஷ்யூவே தேவையில்லை. பார்த்தால் யாரும் பயந்துபோவார்கள்.

கேமரா வயரை உள்ளே விட்டேன். டக்டில் லேசான தூசி. அவ்வளவுதான். பாத்ரூம் சீலிங்குக்கு மேலே இருந்த ஏசி மெஷினைத் திறந்தேன். ஃபில்டர் அடைத்துக் கறுத்திருந்தது. தண்ணீர் வடிகிற ட்ரேயில் பாசி. விரலில் எடுத்து முகர்ந்தேன். பாசி நாற்றத்தோடு சாம்பிராணி வாசனை.

"சாம்பிராணி போடுவீங்களா மேடம்?"

"முன்னெல்லாம் வெள்ளிக்கிழமை மட்டுந்தானுங்க. பாப்பாவுக்கு முடியாமப் போனதுலருந்து தினமும் காலைல, சாயங்காலம் போடறேன். கிருமி போகட்டும்னு."

"அது வேண்டாம்மா."

அவர் முகம் மாறியது. "சாமிக்குப் போடற பொகையாலதான் எம் புள்ளைக்கு முடியலேங்கறீங்ளா?"

எனக்குப் பேசத் தெரியாது. ஹாலில் ஒரு துண்டு சாம்பிராணி வைக்கச் சொன்னேன். அவரைக் குழந்தையின் கட்டில் பக்கத்தில் நிற்க வைத்துக் கதவைச் சாத்தினேன். ஹால் காற்றை இழுக்கிற மெஷின்தான் அந்த ரூமுக்கும் காற்று அனுப்புகிறது. கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது.

"பொகை கட்டிலுக்கு மேல வந்து எறங்குதுங்ணா" என்றார். உட்கார்ந்துவிட்டார்.

ட்ரேயைக் கழுவினேன். ஃபில்டரை மாற்றினேன். டக்ட் கழுவ வேண்டாம், டாக்டர் மருந்தை நிறுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சூப்பர்வைசர் திருநெல்வேலிக்காரர். வேலைப் பேப்பரைப் பார்த்தார்.

"சீலிங் கருப்பா இருக்குன்னு ஃபோட்டோ அனுப்புனீரு. டக்ட் வேலைய எங்க வே?"

"உள்ள சுத்தமா இருக்கு அண்ணாச்சி."

"உமக்குச் சம்பளம் கழுவுததுக்கா, புத்தி சொல்லுததுக்கா? பேசாம ஒரு மடம் தொறந்திரும்."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த மாதம் முழுக்க எனக்கு மொட்டை மாடி டியூட்டி. வெயில் காலம்.

மூன்று வாரம் கழித்து அந்த அம்மா ஃபோன் செய்தார். சாம்பிராணியை நிறுத்திவிட்டாராம். இளைப்பு முழுசாகப் போகவில்லை, ஆனால் குழந்தை விடியும்வரை தூங்குகிறது என்றார். டிக்கெட்டை கேன்சல் செய்துவிட்டார்களாம். சரிம்மா என்றேன்.

3. அதே வீடு

மறு வருடம் மேல் வீட்டுக் குழாய் உடைந்து அவர்கள் சீலிங் இறங்கிவிட்டது. ஓனர் ஆள் விட்டுப் புது ஜிப்சம் போர்டு போட்டார். வந்தவர்கள் ஏசியை ஓடவிட்டே போர்டை அறுத்திருக்கிறார்கள்.

மறுபடி என்னைக் கூப்பிட்டார்கள். குழந்தைதான் கதவைத் திறந்து என் யூனிஃபார்மைப் பார்த்தது. "மம்மி, ஏசி அங்கிள்!"

கேமரா விட்டேன். டக்ட் முழுக்க வெள்ளை மாவு. கிரில்லைத் தட்டினால் கட்டிலில் கொட்டியது.

"இந்தத் தடவ கழுவணும்மா."

"சரிங்ணா" என்றார். எவ்வளவு ஆகும் என்றுகூடக் கேட்கவில்லை. கட்டிலை மூட பிளாஸ்டிக் ஷீட் எடுத்து வந்தார். குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டார்.

வீட்டில் இடிக்கிற, அறுக்கிற வேலை நடந்திருந்தால், எலியோ பூச்சியோ உள்ளே போயிருந்தால், டக்ட் நனைந்து பூஞ்சை பிடித்திருந்தால் கழுவுங்கள். கொடுக்கிற காசு தகும். நனைந்தது டக்டுக்குள் ஒட்டியிருக்கிற பஞ்சு என்றால் கழுவிப் பயனில்லை, மாற்ற வேண்டும். மற்றபடி முதலில் ஃபில்டர், ட்ரே. வருகிற ஆளிடம் கேமரா விட்டுக் காட்டச் சொல்லுங்கள். காட்டாதவனுக்கு டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.