மட்டன் ஏற்றிய வேன்

ஈப்போ குனோங் ராபாட்டில் நான் காய்கறி நறுக்கும் சமையற்கூடத்தில் மாதுமை மட்டும் கத்தியைத் தொடமாட்டாள். அவளுக்குக் கணினி வேலை. கோலாலம்பூரில் கைநிறையச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவள், ஈப்போவில் அம்மாவோடு இருக்க வேண்டும் என்று வந்துவிட்டாள். முதலாளி ஜெயபாலன் அவளுக்கு ஒரே ஒரு சனிக்கிழமை கொடுத்தார். எந்தச் சாப்பாட்டை எந்த வேன் எப்போது கொண்டுபோவது என்று அவள் கணினி திட்டம் போடட்டும். சொதப்பினால் மூட்டையைக் கட்டிக்கொண்டு மறுபடி கோலாலம்பூர்தான்.

தொடக்கத்தில் எது எங்கே இருக்கிறது, முடிவில் எங்கே போய்ச் சேர வேண்டும், நடுவில் என்னென்ன செய்யலாம் என்பதையெல்லாம் அவள் தர்க்க விதிகளாக எழுதிக் கொடுப்பாள். கணினி அவற்றுக்குப் பொருந்தும் திட்டத்தைத் தேடித் தரும். சொல்லாத எதுவும் அதற்குத் தெரியாதாம். யாரும் தூக்காத சட்டி வைத்த இடத்திலேயே இருக்கும் என்பதைக்கூட ஒரு விதியாக எழுத வேண்டுமாம். இதைவிட என் வீட்டுக்காரர் தேவலை என்றேன்.

சனிக்கிழமை காலை ஒரு வேன் பாகான் செராய் கல்யாணத்துக்குப் போய்விட்டது. இன்னொன்றை ஓட்டுபவர் பத்துமலை. பத்து மணிக்குப் பக்கத்துத் தாமான் குடியிருப்பில் பிறந்தநாள் வீட்டுக்கு மட்டன் இறக்கிவிட்டு வந்தார். அடுத்து சுங்கை சிப்புட் கோயில் அன்னதானம், பன்னிரண்டு மணிக்குள் போய்ச் சேர வேண்டும். கணினி போட்ட பட்டியலைப் படித்ததும் மனுஷன் சாவியை மேசையில் வைத்துவிட்டார்.

"மட்டன் ஏத்துன வேன்ல சாமி சாப்பாட்ட ஏத்த மாட்டேன்லா."

மாதுமைக்கு முகம் வெளுத்துவிட்டது. எத்தனை பேரிடம் விசாரித்து விதி எழுதினாள்! இதை ஒருவரும் சொல்லவில்லை, நானும்தான். சொல்ல வேண்டிய விஷயமென்று யாருக்குத் தோன்றும்?

"எனக்கே தெரியும் அண்ணே. எங்க வீட்டுலயும் கறிச்சட்டி தனிதான். தெரிஞ்சதுனாலதான் எழுதாம விட்டுட்டேன்," என்றாள்.

உட்கார்ந்து ஒரு வரி சேர்த்தாள். கறி ஏற்றிய வேன் கறி வேனாகவே இருக்கும்; அதில் கோயில் சாப்பாடு ஏறாது. கணினி உடனே திட்டமே இல்லை என்று கைவிரித்துவிட்டது. முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார்.

வேனைச் சுத்தம் செய்ய என்ன செய்வீர்கள் என்று அவள் பத்துமலையிடம் கேட்டாள். நன்றாகக் கழுவி மஞ்சள் தண்ணீர் தெளித்தால் போதும், இருபது நிமிடம் ஆகும் என்றார் அவர். அதையும் ஒரு செயலாக எழுதிச் சேர்த்தாள். இந்த முறை திட்டம் வந்தது. கழுவ வேண்டும், ஏற்ற வேண்டும், பதினொன்றே காலுக்குக் கிளம்ப வேண்டும்.

யார் கழுவுவது என்று மட்டும் அதில் இல்லை. மாதுமையே ரப்பர் குழாயைப் பிடித்தாள், நான் மஞ்சள் கரைத்தேன். பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, சாப்பாடு இறங்கிவிட்டது என்று பத்துமலை போன் செய்தார்.

திங்கட்கிழமைத் திட்டத்தையும் அவளே போடட்டும் என்று சொல்லிவிட்டு முதலாளி உள்ளே போனார். மாதுமை ஈரக் கையோடு கோலாலம்பூர் வீட்டின் உரிமையாளரைப் போனில் அழைத்து, இத்தனை நாள் விடாமல் வைத்திருந்த வாடகை அறையை இனி வேறு யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றாள்.