வெர்லின் கோஸலின் வெறும் விரல்

வெர்லின் கோஸலுக்குப் பொய் சொல்ல வராது. சிலருக்கு நீச்சல் வராது இல்லையா, அதுபோல. அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் ஒரு மாவட்டத்து மண்சாலைகளை மட்டம் தட்டும் வண்டியை ஓய்வு பெறும்வரை ஓட்டியவர் அவர்தான். குளிர்காலத்தில் பனியை ஒதுக்கும்போது யார் வீட்டுத் தபால்பெட்டியையாவது இடித்துவிட்டால், மற்ற ஓட்டுநர்கள் கண்டும் காணாமல் போய்விடுவார்கள். வெர்லின் வண்டியை நிறுத்தி இறங்கி, முழங்கால் பனியில் நடந்துபோய்க் கதவைத் தட்டி, "உங்க பெட்டியைச் சாய்ச்சுட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் திரும்புவார். பாதிப் பேருக்கு அவர் வந்து சொல்லும்வரை விஷயமே தெரிந்திருக்காது. சாப்பாட்டு நேரத்தில் கதவைத் தட்டுகிறாரே என்று சலித்துக்கொண்டவர்களும் உண்டு.

மாவட்டமே அவர் சொல்லை நம்பியது. நம்பாதவர் ஒரே ஒருவர், அவருடைய மனைவி ஆர்டிஸ். அதுவும் ஒரே ஒரு விஷயத்தில்.

கல்யாணமாகி இரண்டாம் வருஷம். ஊருக்கு வடக்கே, ஆர்டிஸின் மாமாவுக்குச் சொந்தமான பண்ணைவீட்டில் குடியிருந்தார்கள். மார்ச் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, தலையீத்துக் கிடாரி ஒன்று கன்று போட முடியாமல் தவித்தது. உள்ளே கையை விட்டுக் கன்றை இழுக்கும்போது விரலில் மோதிரம் இருக்கக் கூடாது என்பது அந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வெர்லின் கல்யாண மோதிரத்தைக் கழற்றி, மாட்டுக்கொட்டகை ஜன்னல் கட்டையில் வைத்தார். வைத்ததாகத்தான் அவருக்கு நினைவு. கன்று பிழைத்தது. ரத்தக்களறியான ஓவரால் என்ற முழுநீள வேலை உடுப்பை அவிழ்த்துப் போட்டுவிட்டுக் குளித்து வந்து பார்த்தால், கட்டையில் மோதிரம் இல்லை.

தேடிக் கிடைத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தார். அதுதான் வினை. மறுநாள் ராணுவ வீரர் சங்க மண்டபத்தில் போல்கா நடனம். ஆர்டிஸுக்குக் காய்ச்சல். "நீயாவது போய்ட்டு வா" என்று அவரேதான் அனுப்பினார். வெர்லினும் போய், ஆர்டிஸின் சித்தி மகள் டெல்ஃபினோடு ஆடிவிட்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆர்டிஸின் அக்கா வில்மா போன் செய்தாள்.

"உன் புருஷன் நல்லாத்தான் ஆடுறான்டி. விரல்ல மோதிரத்தைத்தான் காணோம்."

அதற்குப் பிறகு கன்றுக் கதையைச் சொன்னால் யார் நம்புவார்கள்? ஆர்டிஸ் கத்தவில்லை, அழவில்லை. கேட்டுவிட்டு "சரி" என்றார். கத்தியிருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும். வருஷா வருஷம் கல்யாண நாளன்று, கேக்கை வெட்டிக்கொண்டே கேட்பார்.

"எங்க தொலைச்சதா சொன்னே?"

"கொட்டகையில."

"சரி."

புது மோதிரம் வாங்கவும் விடவில்லை. "ஒண்ணைத் தொலைச்சவனுக்கு இன்னொண்ணு எதுக்கு?" என்றார். மற்றபடி அவர்களுடையது நல்ல குடித்தனம். மூன்று பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினார்கள், பண்ணையை விட்டு ஊருக்குள் குடிவந்தார்கள், ஒருவர் தட்டிலிருந்து ஒருவர் எடுத்துச் சாப்பிட்டார்கள். ஆனால் அந்த ஒற்றைச் "சரி" வெர்லினுக்கு வலித்தது. ஊரெல்லாம் நம்புகிற வாயை வீட்டில் இருப்பவள் நம்பவில்லை என்றால் யாருக்குத்தான் வலிக்காது?

இந்த ஜூனில் அவர்களுக்குக் கல்யாணப் பொன்விழா. அதற்குள் இன்னொரு செய்தி வந்தது. பழைய பண்ணையின் இப்போதைய சொந்தக்காரர், இலையுதிர்காலத்தில் அங்கே மிச்சமிருக்கும் மரங்களையும் கொட்டகையையும் புல்டோசர் வைத்துத் தள்ளிப் புதைத்துவிட்டு, நிலம் முழுவதையும் மக்காச்சோளமாக்கப் போகிறார். மோதிரமும் அதோடு போய்விடும். வெர்லின் நேராகத் தன் சிநேகிதர் ஓரின் தேடேவிடம் போனார்.

ஓரின், பண்ணைகளுக்கு கேஸ் நிரப்பும் லாரி ஓட்டியவர். ஓய்வுக்குப் பிறகு ஒரு மெட்டல் டிடெக்டரை வாங்கிக்கொண்டு, இடிந்துபோன பண்ணைவீடுகளைச் சுற்றிக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தால் பொய். அவர் பிடித்த மீன் வீடு வந்து சேர்வதற்குள் ஒரு முழம் வளர்ந்துவிடும். பொய்யே வராதவருக்கும் உண்மையே வராதவருக்கும் எப்படி இத்தனை வருஷம் ஒத்துப்போயிற்று என்று ஊரில் பலருக்கு ஆச்சரியம்.

மே மாதத்தில் ஒரு காலையில் இருவரும் புறப்பட்டார்கள். ஆர்டிஸ் சாண்ட்விச்சும் கசகசா வைத்த கொலாச்சி ரொட்டியும் கட்டிக் கொடுத்தார்.

"போய்த் தோண்டுங்க, நல்லாத் தோண்டுங்க. அந்த டான்ஸ் மண்டபத்தை இடிச்சுத் தார் போட்டுட்டாங்களாம். அங்கதான் தோண்ட முடியாது, பாவம்."

வெர்லின் மண்வெட்டியை வண்டியில் போட்டார்.

வீடு எப்போதோ போய்விட்டது. அது இருந்த இடத்தில் ஒரு பள்ளம், ஓரத்தில் பூத்துக் குலுங்கும் லைலாக் புதர், கேட்பாரில்லாமல் தழைத்த ருபார்ப் செடி. கூரை பாதி சரிந்த கொட்டகையும், துணி உலர்த்தக் கொடி கட்டிய இரண்டு இரும்புக் கொடிக்கம்பங்களும் மட்டும் நின்றன. ஓரின் போன வருஷமே ஒருமுறை தனியாக வந்து இந்த முற்றத்தை அலசியிருந்தார்.

"ஒரு அங்குலம் விடலைடா. வெள்ளிக் காசு ரெண்டு எடுத்தேன். மோதிரம் இருந்தா மாட்டியிருக்கும்" என்றார்.

"டப்பா வளையத்தையெல்லாம் தோண்டினியா?"

அந்தக் காலத்துப் பீர் டப்பாவில், இழுத்தால் தனியாகக் கையோடு வந்துவிடும் வளையம் ஒன்று இருக்கும். குடித்தவர்கள் அதை அங்கேயே வீசிவிட்டுப் போவார்கள். பழைய முற்றங்களில் மண்ணைவிட அதுதான் அதிகம்.

"எவன் தோண்டுவான்? அந்தச் சத்தம் வந்தா கத்தாதேன்னு மிஷினை அடக்கி வச்சிருக்கேன்."

"தங்க மோதிரம் என்ன சத்தம் போடும்?"

ஓரின் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "அதே சத்தம்தான்."

"அப்ப நீ மோதிரத்து மேலயே நடந்து போயிருப்பே."

"உன் மாமனார் வீட்டுக் கூட்டம் குடிச்ச பீருக்கு என்னைத் திட்டாதடா!"

திட்டிக்கொண்டேதான் ஓரின் கருவியின் வாயைத் திறந்துவிட்டார். முதலில் கொடிக்கம்பம் பக்கம் போக வேண்டும் என்றார். "பழைய வீடுன்னா முதல்ல துணி காயப்போட்ட இடம். பாக்கெட்லேர்ந்து காசு அங்கதான் விழும். எங்களுக்கு இது அரிச்சுவடி."

"நான் வச்சது கொட்டகை ஜன்னல்ல" என்றார் வெர்லின்.

கொட்டகைக்கே போனார்கள். மத்தியானம்வரை குனிந்த தலை நிமிரவில்லை. ஆணி, வேலிக்கம்பி, குதிரை லாடத் துண்டு, பன்றி மூக்கில் மாட்டும் வளையங்கள். ஓரின் ஒரு பன்றி வளையத்தைத் தூக்கிப் பிடித்தார்.

"இந்தா உன் மோதிரம். டெல்ஃபின் பேரு போட்டிருக்கா பாரு!"

"வாயை மூடுடா."

சாப்பிட்ட பிறகு வெர்லினுக்கு நம்பிக்கை விட்டுப்போயிற்று. "சரி, உன் கொடிக்கம்பத்தையும் பார்த்துடலாம்" என்றார். டப்பா வளையம், டப்பா வளையம், மறுபடி டப்பா வளையம். நடுநடுவே துணி மாட்டும் கிளிப்பின் துருப்பிடித்த ஸ்பிரிங்குகள். ஒவ்வொரு குழிக்கும் புல்லை மூடிபோல வெட்டித் திருப்பி, பார்த்துவிட்டு, பழையபடி மூடி மிதித்தார் வெர்லின். நிலத்துக்காரர் வைத்த ஒரே நிபந்தனை அது.

"புல்டோசர் வரப்போற இடத்தைத் தடவிக் கொடுக்கிறியே, உனக்குப் பைத்தியமா?" என்றார் ஓரின்.

"வர்ற வரைக்கும் மட்டமா இருக்கட்டும்."

இரண்டாவது கம்பத்தை ஒட்டி, இன்னொரு டப்பா வளையம் என்று நினைத்து வெர்லின் ஒரு மூடியைப் புரட்டினார். மண்ணுக்குள் மஞ்சளாக ஒரு வளைவு தெரிந்தது. நேற்றுப் போட்டதுபோலக் கிடந்தது தங்கம். எச்சில் தொட்டுத் துடைத்து உள்பக்கத்தைப் பார்த்தார். கல்யாணத் தேதியும் இருவர் பெயரின் முதல் எழுத்துகளும் அப்படியே இருந்தன.

ஓரின் கத்திய கத்தலில் லைலாக்கிலிருந்து பறவைகள் கலைந்தன. "போடா, போய் அவ மூஞ்சிக்கு நேரா நீட்டு! ஐம்பது வருஷமா வாங்கின பேச்சுக்கு இன்னிக்கு வட்டியோட திருப்பிக் குடு!"

வெர்லினுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கண்கூடக் கலங்கியது. முழங்காலிட்டபடியே அண்ணாந்து கம்பத்தைப் பார்த்தார். அப்போதுதான் விஷயம் புரிந்தது. ஜன்னல் கட்டையில் அவர் மோதிரத்தை வைக்கவே இல்லை. ஓவராலின் நெஞ்சுப் பையில் போட்டிருக்கிறார். ஆர்டிஸ் ஓவராலின் கால் பக்கத்தை மேலே மாட்டித் தலைகீழாகத்தான் காயப்போடுவார். மார்ச் குளிரில் அது பலகையாக உறைந்து தொங்கும். துடைப்பக் கட்டையால் நாலு தட்டுத் தட்டி உதறித்தான் கழற்றுவார். மோதிரம் அந்த உதறலில் பனிக்குள் விழுந்திருக்கிறது. தொலைத்தது ஆர்டிஸின் கை.

இதைப் போய்ச் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தார். துவைக்கப் போட்ட துணியில் ஒரு பொத்தானைக்கூடத் தவறவிடாதவள் என்று பெயர் எடுத்தவர் ஆர்டிஸ். இந்த வயதில் அவரை உட்காரவைத்து, இத்தனை வருஷம் நீ சொன்ன ஒவ்வொரு "சரி"யும் தப்பு என்று எண்ணிக் காட்ட வேண்டுமா? கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது. மோதிரம் கிடைத்ததில் வந்த சந்தோஷம் போய், மனைவியின்மேல் இரக்கம் வந்தது.

"கொட்டகையில கிடைச்சதுன்னு சொல்லிடலாம்" என்றார்.

ஓரின் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீயா? பொய்யா? அந்த வேலையை எங்கிட்ட விடுடா. உனக்குக் காது சிவந்து காட்டிக் குடுத்துடும்."

"இல்ல. நான்தான் சொல்லணும்."

"எனக்குப் பொய் பழக்கம். நீ சொல்றதை நினைச்சா எனக்குக் கூச்சமா இருக்கு" என்றார் ஓரின். அவர் வாழ்நாளில் சொன்ன ஒருசில உண்மைகளில் அது ஒன்று.

வீட்டுக்கு வந்ததும் ஓரின் வழக்கமான காரியத்தைச் செய்தார். தோண்டி எடுத்த குப்பையை எடுத்த இடத்தில் போடாமல், இடுப்புப் பையில் கட்டி எடுத்துவருவதுதான் இந்தக் கருவிக்காரர்களின் ஒழுங்கு. வந்தால் அதை ஆர்டிஸின் சமையலறை மேஜையில் பழைய செய்தித்தாளை விரித்துக் கொட்டுவார். ஆர்டிஸும் காபி குடித்தபடி கிளறிப் பார்ப்பார். பழக்கதோஷத்தில் இன்றும் கொட்டிவிட்டார்.

வெர்லின் மோதிரத்தைத் தனியாக, ஆர்டிஸின் காபிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார்.

ஆர்டிஸ் அதைத் தொடாமலே கேட்டார். "எங்க?"

"கொட்டகையில. ஜன்னலுக்கு நேர் கீழ."

காது சிவந்தது. ஆர்டிஸ் காதைப் பார்த்தார். பிறகு குப்பையைக் கிளறினார். ஆணிகளை ஒரு பக்கம், பன்றி வளையங்களை ஒரு பக்கம், டப்பா வளையங்களை ஒரு பக்கம் ஒதுக்கினார். கிளிப் ஸ்பிரிங்குகள் மேஜை நடுவில் மிஞ்சின. ஒன்றை எடுத்து விரல்களுக்கு நடுவில் வைத்து அழுத்திப் பார்த்தார். மாட்டுக்கொட்டகையில் யாரும் துணி காயப்போடுவதில்லை. ஓரின் தன் தலையில் தானே அடித்துக்கொள்ளாத குறை.

"சரி" என்றார் ஆர்டிஸ்.

எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவும் சோப்பை எடுத்துவந்து, வெர்லினின் விரலில் தடவி மோதிரத்தைத் தள்ளினார். மூட்டு வீங்கியிருந்ததால் ஏறவில்லை. கடைசியில் சுண்டுவிரலில் மாட்டிவிட்டார். குப்பையை அள்ளி வாளியில் போட்டார். ஸ்பிரிங்குகளை மட்டும் ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டார். ஓரின் ஒரு கொலாச்சியைத் தின்றுவிட்டு, ஒரு கதைகூடச் சொல்லாமல் வீட்டுக்குப் போனார்.

பொன்விழா தேவாலயத்தின் கீழ்த்தளக் கூடத்தில் நடந்தது. பன்றித்தொடை, உருளைக்கிழங்கு, நடுங்கும் ஜெல்லி, மஞ்சள் கேக். வில்மா வந்திருந்தாள். டெல்ஃபின்கூட நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தாள். வெர்லினின் சுண்டுவிரலைப் பார்த்ததும் வில்மாவின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

"அட, வந்துட்டதே! கடைசியில எங்கதான்டா கிடைச்சுது?"

ஜெல்லி எடுத்துக்கொண்டிருந்தவர்களும் திரும்பினார்கள். வெர்லினின் காது சிவக்க ஆரம்பித்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் ஆர்டிஸ் கேக் வெட்டும் கத்தியைக் கீழே வைத்தார்.

"கொட்டகையிலன்னு சொல்லுவான், நம்பாதீங்க. என் கொடிக்கம்பத்துக்குக் கீழ கிடந்துச்சு. நான்தான் ஓவராலோட சேர்த்து உதறிவிட்டிருக்கேன்." கத்தியை மறுபடி கையில் எடுத்தார். "ஐம்பது வருஷத்துல இந்த மனுஷன் எங்கிட்ட சொன்ன பொய், போன மாசம் சொன்ன அது ஒண்ணுதான்."