நகராத நீலப் புள்ளி

போன மாதம் என் கல்லூரித் தோழி மாலதி போன் செய்தாள். "புதுச்சத்திரம் வரைக்கும் வர்றியா? ஒரு இன்டர்வியூ எடுக்கணும்."

மாலதி தொடர்பியல் பேராசிரியை. நாம் எங்கே இருக்கிறோம் என்பதை செல்போன் சதா சொல்லிக்கொண்டிருக்கும் காலத்தில் நட்பும் குடும்பமும் எப்படி மாறுகின்றன... அதுதான் அவளது ஆராய்ச்சி. இதற்கு லாரி டிரைவர் குடும்பங்களைவிடப் பொருத்தமானவர்கள் உண்டா?

புதுச்சத்திரத்தில் கவிதா என்ற லாரி டிரைவர் மனைவியின் வீட்டில் போய் உட்கார்ந்தோம். அவர் கணவர் செந்தில், ஜவ்வரிசி லோடு ஏற்றிக்கொண்டு புனே போய்க்கொண்டிருந்தார். கவிதாவின் போனில், மேப் மேல், அவர் ஒரு நீலப் புள்ளி.

"இப்படிப் பார்த்துட்டே இருந்தா, வேவு பாக்குற மாதிரி அவருக்குத் தோணாதா?" என்று கேட்டாள் மாலதி.

கவிதா சிரித்துவிட்டார். "எங்கூடச் சண்டைன்னா மொதல்ல லொகேஷனத்தானுங்க ஆஃப் பண்ணுவாரு. கோவம் தீந்தா அவரே ஆன் பண்ணிருவாரு. வாயில ஒரு வார்த்த வராது!"

பாருங்கள், ஊடலுக்கும் ஒரு பட்டன் வந்துவிட்டது.

பேச்சுக்கு நடுவே போனைப் பார்த்த கவிதா, மறுபடியும் பார்த்தார். சோலாப்பூர் தாண்டி, நெடுஞ்சாலையில், புள்ளி அப்படியே நின்றிருந்தது. அழைத்தார். ரிங் போனது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி, மறுபடி...

"சாப்பிட நிறுத்தியிருப்பார்" என்றேன்.

"சாப்பிடறதுன்னா சொல்லிட்டுத்தானுங்க நிறுத்துவாரு. கோவம்னா ஆஃப் பண்ணியிருப்பாரு. ஆன்ல வெச்சுக்கிட்டு எடுக்காம இருக்க மாட்டாருங்க."

உடனே பரமத்தியில் இருக்கும் ஜெயந்திக்குப் போன் போட்டார். ஜெயந்தியின் கணவர் முருகேசனும் டிரைவர். அதே ரோட்டில் பின்னால் வந்துகொண்டிருந்தார்.

"அக்கா, எங்கூட்டுக்காரரு போன எடுக்க மாட்டேங்கறாருங்க. வண்டி நிக்கிற எடத்த அனுப்பறன். அண்ணனக் கொஞ்சம் பாக்கச் சொல்லுங்க..."

காத்திருந்தோம். மாலதி ரெக்கார்டரை அணைத்துவிட்டு, கவிதாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கடைசியில் முருகேசனே அழைத்தார். செந்தில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, ஸ்டியரிங் மேல் சாய்ந்து, வேர்வையில் நனைந்து கிடந்திருக்கிறார். "நெனவு இருக்குதுங்க. ஆஸ்பத்திரியில சேத்துட்டன். ஆனா டாக்டர் பேசறது ஒண்ணும் புரியலீங்க."

மாலதி போனை வாங்கினாள். அவள் மேற்படிப்பைப் புனேயில் படித்தவள். டாக்டரிடம் மராத்தியில் பேசிப் பேசி, ஒவ்வொன்றாகக் கவிதாவுக்குச் சொன்னாள். மாரடைப்பு. நேரத்தோடு கொண்டுவந்ததால் உயிருக்கு ஆபத்தில்லை.

அதுவரை அழாத கவிதா, அப்போதுதான் அழுதார்.

செந்தில் இப்போது வீட்டில் ஓய்வில் இருக்கிறார். மாலதி தன் ஆராய்ச்சிக்கு ஒரு புதிய கேள்வியைச் சேர்த்திருக்கிறாள்: 'உங்கள் புள்ளி நின்றுபோனால், முதலில் யார் கவனிப்பார்கள்?'

நம்மை யார் கண்காணிக்கிறார்கள் என்று பயப்படுகிறோம். நியாயம்தான். நம்மைக் கவனிக்க யார் இருக்கிறார்கள் என்றும் கேட்டுக்கொள்ள வேண்டாமா?

கவிதா வீட்டிலிருந்து திரும்பிய அன்றைக்கே என் லைவ் லொகேஷனைத் தங்கைக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது — "அக்கா, தெரியாம அமுக்கிட்டியா?"