அழுவதற்கு ஒரு கொட்டகை

எங்கள் ஊரில் துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் துக்கத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் விசாரிப்பார்கள். ஆட்டையாம்பட்டிக்குப் பக்கத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் தெய்வநாயகியின் மகள் தனப்பிரியா, கல்லூரிக்குப் போகிற வழியில் விபத்தில் இறந்தாள். வந்தவர்கள், "சாதகம் பாத்தீங்களாங்க?" என்றார்கள். காரியம் முடிந்ததும், இன்னும் என்ன அழுகை என்றார்கள். விளக்கு வைக்கிற நேரத்தில் அழுதால் வீட்டுக்கு ஆகாது என்று கணவர் அர்த்தநாரி வேறு. பெற்றவள் அழுவதற்கும் நல்ல நேரம் பார்க்கிற ஊர் இது.

தெய்வநாயகி காலியாகக் கிடந்த தீவனக் கொட்டகையைக் கழுவிப் பாய் விரித்தாள். யாரைப் பறிகொடுத்தவரும் வரலாம். அழலாம், சும்மா இருக்கலாம், பேசக்கூடாது. ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி வேலைக்குப் போன இடத்தில் கணவனை இழந்த மஞ்சுளா முதலில் வந்தாள். பிறகு இன்னும் சிலர் வந்தார்கள். இத்தனை பேர் ஓரிடத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பது ஊருக்குப் பொறுக்கவில்லை.

லாரி முதலாளி மயில்சாமிக்கு மூக்கில் வியர்த்தது. தாய் படுக்கையில் கிடந்தபோது எட்டிப் பார்க்காத உத்தமர், அவள் பெயரில் அங்கே நினைவு மண்டபம் கட்டப் போவதாகக் கிளம்பினார். கொட்டகையை இடித்துவிட்டு மேடை, மைக், விசேஷங்களுக்கு வாடகை. அர்த்தநாரி பல்லிளித்துத் தலையாட்டினார். "எனக்கு மண்டபம் வேண்டாமுங்க, சத்தமில்லாம இருந்தாப் போதுமுங்க" என்ற தெய்வநாயகியின் பேச்சு யார் காதிலும் ஏறவில்லை.

பூமி பூஜைக்கு வைத்த பிளெக்ஸில் அம்மா தபால்தலை அளவுக்கு இருந்தார், மகன் லாரி அளவுக்குக் கைகூப்பி நின்றார். மயில்சாமி மௌனத்தின் பெருமையைப் பற்றி மைக்கில் ஒரு மணி நேரம் முழங்கிவிட்டு, தெய்வநாயகியிடம் வந்து, "சரிங்க, போயிட்டு வாரேனுங்க" என்றார்.

கூட்டம் அப்படியே அடங்கிப்போனது. இழவு கண்ட இடத்தில் 'போயிட்டு வாரேன்' என்று சொல்லிக்கொண்டு யாரும் கிளம்புவதில்லை. சொன்னால் இன்னொரு சாவைக் கூப்பிட்டதாக அர்த்தம். மயில்சாமிக்கு முகம் வெளுத்தது. அன்றே பிளெக்ஸ் கழன்றது, மறுநாள் அவர் வீட்டில் ஓமம் நடந்தது. மண்டபப் பேச்சு அதோடு சரி. அந்தப் பக்கம் வருவதற்கே பயந்து வேறு சாலையில் சுற்றிக்கொண்டு போகிறார், அத்தனை பெரிய மனிதர்.

மஞ்சுளாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஒரு வார்த்தைக்குப் போயி இந்தப் பயமாங்கக்கா?"

தெய்வநாயகி சிரிக்கவில்லை. "அந்த வார்த்தைக்கு அத்தன பலமிருந்தா எம்பட புள்ள ஊடு வந்து சேந்திருக்கோணும். அன்னிக்கு அவளும் போயிட்டு வாரேன்னுதான் சொல்லிட்டுப் போனா."