பூசை நாள் மாத்திரை

ரெமிஜியஸின் மகள் நிக்கோலுக்குத் தாய்ப்பாலை நிறுத்தும் மாத்திரை கொடுக்கிறார்களாம். பெங்களூரிலிருந்து தன் அத்தை சொன்னார் என்று, மஸ்கட்டில் என் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்துகொண்டு உறவுக்காரி லவினா சொன்னாள். அவளுக்குப் பதினான்கு வயது. சொல்லிவிட்டு லவினா பிஸ்கட்டை டீயில் முக்கினாள்.

ரெமிஜியஸ் என் சித்தி மகன். பொம்மனஹள்ளியில் வீடு, எலெக்ட்ரானிக் சிட்டிக்குக் கம்பெனி கேப் ஓட்டுகிறான். டிராபிக் போலீஸிடம் கன்னடம், மெக்கானிக்கிடம் உருது, மாதா கோயிலில் தமிழ். எதிலும் அவன் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. எல்லாவற்றுக்கும் ஒரு கிழமை வைத்திருப்பான். டயருக்குக் காற்று செவ்வாய், தலைக்கு எண்ணெய் சனி.

லவினா போனதும் அவனைக் கூப்பிட்டேன்.

“மாத்திரை நெஜந்தான்க்கா. மிச்சமெல்லாம் அவங்களா சேத்துக்கினது,” என்றான்.

விஷயம் இதுதான். போன வருஷம் நிக்கோலுக்கு ஓயாத தலைவலி. பக்கவாட்டில் வருவது தெரியாமல் கதவு நிலையில் இடித்துக்கொண்டாள். மாதவிலக்கும் நின்றுபோயிற்று. ஸ்கேன் எடுத்தால், மூளைக்கு அடியில் பிட்யூட்டரி சுரப்பியில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு கட்டி. புற்று இல்லை. ஆனால் பால் சுரக்கச் செய்யும் ஹார்மோனை அது அளவில்லாமல் கொட்டிக்கொண்டிருந்தது. கத்தி வைக்க வேண்டாம், மாத்திரையிலேயே சுருங்கும், ஆனால் வருஷக்கணக்கில் விடாமல் சாப்பிட வேண்டும் என்றார் டாக்டரம்மா. வாரம் இரண்டு முறை, சாப்பாட்டோடு.

வாரம் இரண்டு முறை என்றதும் ரெமிஜியஸுக்குக் குஷி. ஞாயிறு தமிழ்ப் பூசை, வியாழன் நவநாள் செபம். ஒவ்வொன்றும் முடிந்ததும் கோயிலுக்கு எதிரே உள்ள தர்ஷினி ஓட்டலில் நின்றபடியே இட்லி, பிறகு மாத்திரை. மாத்திரைப் பட்டை காரின் டேஷ்போர்டிலேயே இருந்தது. வருஷம் முழுக்க ஒரு வேளை தவறவில்லை. கட்டி பாதியாகச் சுருங்கிவிட்டது.

ஒரு நாள் வழக்கமான கடையில் மாத்திரை இல்லை. கோயிலுக்குப் பக்கத்து மெடிக்கலில் வாங்கினான். கடைக்காரர் நல்ல மனுஷன். இது எதற்குக் கொடுப்பது என்று உரக்க விளக்கினார். பின்னால் நின்றவர், நிக்கோல் பாடும் கோயில் பாடகர் குழுவைச் சேர்ந்த சிரிலின் மனைவி. வியாழக்கிழமைக்குள் குழு முழுக்கச் செய்தி பரவியது. நிக்கோலுக்குப் பக்கத்தில் நிற்கும் பெண் ஓரடி தள்ளி நின்றாள். இனி கோயிலுக்கு வரமாட்டேன் என்றாள் நிக்கோல். அவன் வற்புறுத்தவில்லை.

கோயில் இல்லை என்றானதும் தர்ஷினி இல்லை. தர்ஷினி இல்லை, மாத்திரையும் இல்லை. வீட்டில் மனைவி நோரா கொடுக்கிறாள் என்று அவன் நினைத்தான். பள்ளிக்குப் போகும் வழியில் அவர் காரிலேயே கொடுத்துவிடுகிறார் என்று நோரா நினைத்தாள். அப்பா அம்மா இருவரும் பேச்சை எடுக்காததைப் பார்த்து, கட்டி சரியாகிவிட்டது போலிருக்கிறது என்று நிக்கோல் நினைத்தாள். ஐந்து வாரம் கழித்துக் காரைத் துடைக்கும்போது பிரிக்காத பட்டை நோரா கையில் கிடைத்தது.

“இஞ்சின் ஆயில் தேதி மறக்கமாட்டாரு அண்ணி, இத மறந்துட்டாரு,” என்று என்னிடம் அழுதாள்.

டாக்டரம்மா திட்டவில்லை. குறைந்த அளவில் மறுபடி ஆரம்பித்துவிட்டு, இரண்டு மாதம் கழித்து ரத்தமும் ஸ்கேனும் பார்ப்போம் என்றார். கட்டி வளர்ந்து கண் நரம்பை அழுத்தினால் மூக்கு வழியாக ஆபரேஷன்தான்.

அந்த ஞாயிறு நிக்கோல் தானாகவே காரில் ஏறி உட்கார்ந்தாள். பூசை முடிந்து தர்ஷினியில், உடம்பு எப்படிம்மா என்று இழுத்தார் சிரிலின் மனைவி. நிக்கோல் மாத்திரையை எடுத்துக் காட்டினாள்.

“பால நிறுத்துற மாத்திரதான் ஆன்ட்டி. தலைக்குள்ள ஒரு கட்டி, எனக்குக் கொழந்த பொறந்துடுச்சின்னு நெனச்சிக்கினு ஆர்டர் மேல ஆர்டர் போடுது. இது கேன்சல் பண்ணும்.”

சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் சட்னி கேட்டாளாம். இதை ரெமிஜியஸ் எனக்கு மூன்று தடவை சொல்லிச் சிரித்தான். நேற்று நான்காவது தடவை ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினான். “கட்டி வளந்திருந்தா என் தப்புதானேக்கா?” என்றான். இல்லை என்றேன்.

இன்று ரிசல்ட். நான்கு மணிக்கு டாக்டரைப் பார்த்ததும் கூப்பிடுகிறேன் என்றிருந்தான். அவர்களுக்கு நான்கு என்றால் எங்களுக்கு இரண்டரை. இப்போது மூன்றே கால். நோராவின் போன் அணைந்திருக்கிறது. அவனுடையதில் மணி போகிறது. ஆறு, ஏழு, எட்டு. இன்னும் போகிறது.